உச்சிக்கு முன்னால் நின்றவர்கள்

திருப்பூரிலிருந்து

அடுத்த அக்டோபரில் முதல் முறையாக இமயமலைப் பக்கம் போகப்போகும் தம்பி ஒருவர், என்ன ஷூ வாங்கலாம், எந்த மலையில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தார். ஷூவுக்கு வருகிறேன். அதற்கு முன் யுக்சமில் எனக்கு வாய்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

மேற்கு சிக்கிமில் இருக்கும் சின்ன ஊர் யுக்சம். சிக்கிமின் முதல் சோக்யால் மன்னருக்கு 1642-ல் முடிசூட்டிய இடம். அந்தக் கல் அரியணை இன்னும் அங்கே இருக்கிறது. கோய்ச்சா லா கணவாயை நோக்கிப் போகும் பாதை இந்த ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. சோகா, சோங்ரி, தான்சிங், லாமுனே என்று ஒவ்வொரு முகாமாகத் தங்கிப் போக வேண்டும். கடைசி நாள் இருட்டிலேயே எழுந்து நடந்தால், விடியும் நேரத்தில் 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்கா கண்முன்னே நிற்கும். பாதை பெரும்பாலும் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவுக்குள் போகிறது. யுனெஸ்கோ 2016-ல் அந்தப் பூங்காவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது, இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்து.

நடக்கத் தொடங்கும் முன்பு சோதனைச் சாவடியில் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். பிஸ்கட் பாக்கெட், சாக்லேட், ஷாம்பு சாஷே, பேட்டரி என்று எல்லாவற்றையும் எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். இறங்கி வரும்போது அந்தக் கணக்கு அப்படியே இருக்க வேண்டும். வெயிலில் நிற்க வைத்து மிட்டாய் எண்ணுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் எங்கள் வழிகாட்டி பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். நேபாளியில் அண்ணனைத் தாஜு என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என் பையைப் பார்க்கவில்லை. குனிந்து, என் ஷூவின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "எப்போது வாங்கியது?" என்றார். "போன வாரம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சோகா போய்ச் சேர்வதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கடைக்காரர் சொன்னதை நம்பி, ஊரில் போடும் அதே அளவில் வாங்கியிருந்தேன். தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தடிமனான சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள். ஒரு சரிவில் நின்று இறங்குவதுபோல் அழுத்தினால் விரல் முன்னால் இடிக்கக் கூடாது. அப்புறம் கிளம்புவதற்கு முன் ஒன்றரை மாதமாவது அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். தாஜு அன்றிரவு என் காலைத் தன் மடியில் வைத்து டேப் ஒட்டினார். நான் கூச்சப்பட்டு இழுத்தேன், விடவில்லை. தோல் சூடாக உரசுவது தெரிந்த உடனே நின்று ஒட்டியிருக்க வேண்டும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவது பாதி வைத்தியம்தான் என்றார். ஏறும்போது ஷூ கயிற்றைக் கணுக்காலில் கொஞ்சம் தளர்த்த வேண்டும், இறங்கும்போது அதே இடத்தில் இறுக்க வேண்டும் என்று கட்டியும் காட்டினார்.

இன்னொன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது. நான் இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். துணியை விரலிடையில் தேய்த்தாலே ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று சொல்லிவிடுவேன். அந்த நம்பிக்கையில் நல்ல காட்டன் பனியன் ஐந்தாறு எடுத்துப் போயிருந்தேன். சோங்ரி ஏற்றத்தில் வியர்வையில் ஒன்று நனைந்தது. சுமார் 4,000 மீட்டர் உயரம், மேலே போய் நின்றவுடன் காற்று. பத்து நிமிடத்தில் பல் கிட்டித்துவிட்டது. பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. நம் ஊர் வெயிலில் அதுதான் சுகம், அங்கே அதுதான் ஆபத்து. உடம்பை ஒட்டிப் பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதற்கு மேல் கதகதப்புக்கு மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, அதற்கு மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். இந்த மூன்று அடுக்கு போதும். நின்றால் போட வேண்டும், நடந்தால் கழற்ற வேண்டும், வியர்க்க விடவே கூடாது. திருப்பூர்க்காரனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சமையல்காரர். தன்னுடைய ஃப்ளீஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

தான்சிங் புல்வெளிக்கு வந்தால் எதிரே பாண்டிம் மலை. 6,691 மீட்டர். பக்கத்தில் இருப்பதுபோல் அவ்வளவு தெளிவாகத் தெரியும். இதன்மீது ஏற எவ்வளவு செலவாகும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். ஏற முடியாது, அது தெய்வம் என்றார் தாஜு. கஞ்சன்ஜங்கா மீதும் சிக்கிம் பக்கத்திலிருந்து ஏற அனுமதி இல்லை. 1955-ல் நேபாளம் வழியாக முதன்முதலில் அதில் ஏறிய பிரிட்டிஷ் குழு, உச்சியை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடிகள் முன்னால் நின்று திரும்பினார்கள். மறுநாள் ஏறிய இருவரும் அப்படியே நின்று திரும்பினார்கள். தாஜு இதைச் சொன்னபோது தன் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. உலகத்தின் மூன்றாவது உயரமான மலை. அவ்வளவு தூரம் போய், செருப்பை வாசலில் கழற்றுவதுபோல் நின்றிருக்கிறார்கள். எனக்கு எந்த உச்சிச் சாதனையையும்விட அந்தச் சில அடிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

இறங்கி யுக்சம் வந்தோம். தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். என் கணக்கில் மூன்று சாக்லேட் உறைகள் குறைந்தன. லாமுனேயில் கூடாரத்துக்கு வெளியே பாறை இடுக்கில் செருகியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகம் சூடாகிவிட்டது. தாஜு தன் ஜாக்கெட் பையிலிருந்து மூன்று உறைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். மடித்து, நூல் போட்டுக் கட்டியிருந்தார். என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

கோவையிலிருந்து

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒரு தாஜு உண்டு. எங்கள் வெள்ளியங்கிரியில்.

இமயமலை பார்த்தவர்கள் வெள்ளியங்கிரியைச் சின்ன மலை என்று நினைக்க வேண்டாம். ஏழு மலைகளும் ஏறி இறங்கினால் தெரியும். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை விடும்போது, வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானோர் இரவில்தான் ஏறுவார்கள். அடிவாரத்தில் இருக்கும் பூண்டியில் மூங்கில் தடி வாங்காமல் யாரும் கிளம்புவதில்லை. முதல் முறை போனபோது நான் அதை வாங்கவில்லை. ஜிம்முக்குப் போகிற உடம்பு, தடி எதற்கு என்று நினைத்தேன். ஏறுவதில் சிரமம் இல்லை, ஏழாவது மலையில் நின்று சூரியன் வருவதைப் பார்த்துக் கும்பிட்டேன். இறங்கும்போது மூன்றாவது மலைப் பக்கம் இரண்டு முட்டியும் விட்டுவிட்டன. படியில் உட்கார்ந்துவிட்டேன். தொடை நடுங்குகிறது, நிறுத்த முடியவில்லை.

எழுபது வயது இருக்கும், ஒரு பெரியவர். வெறுங்கால், காவி வேட்டி. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏறும்போது மூச்சு போகும் சாமி, இறங்கும்போதுதான் முட்டி போகும்" என்றார். தன் தடியைக் கொடுத்தார். முதலில் தடி கீழ்ப்படிக்குப் போகணும், எடை அதில் இறங்கணும், அப்புறம்தான் கால் என்று இரண்டு படி கூடவே இறங்கிக் காட்டினார். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக. இன்று மலையேற்றக் கோல் விற்கிறவர்கள் சொல்வதும் இதைத்தான். இறங்கும்போது கோலைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள், உடம்புக்கு முன்னால் ஊன்று என்பார்கள்.

அவர் தோளில் ஒரு சாக்குப்பை. உள்ளே குளுக்கோஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை. அடிவாரத்திலேயே பையைச் சோதித்துப் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுகிறார்கள். பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குகிறார்கள், திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கிடைக்கும். அப்படியும் மேலே கிடக்கிறது. வருடத்துக்கு மூன்று தடவை வருவதாகவும், மூன்று தடவையும் சாக்கு நிறைந்துதான் இறங்குவதாகவும் சொன்னார். யானை நடமாடும் காடு அது. உப்புச்சுவை ஒட்டிய உறையை எந்த உயிர் தின்னும் என்று நாம் யோசிப்பதே இல்லை. அடிவாரம் வரை அந்தச் சாக்கை நான் சுமந்தேன். அவர் எனக்குத் தடி கொடுத்ததற்கு அதுதான் என்னால் முடிந்தது.

கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருதயத் தொந்தரவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் வராதீர்கள். இந்த மலையில் மூச்சுத்திணறி இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இளைஞர்களும் உண்டு. நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தால் எத்தனையாவது மலையில் இருந்தாலும் உட்காருங்கள், கூட வந்தவரிடம் சொல்லுங்கள், திரும்புங்கள்.

2018 மார்ச் 11-ஐயும் மறக்க முடியாது. குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கோடையில், காய்ந்த புல்லில், அனுமதி இல்லாத பாதையில் யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் போகாதீர்கள். 2024 அக்டோபரில் அரசே 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. வழிகாட்டியோடு, பதிவு செய்து போகலாம். தொடங்குகிறவருக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து

இந்தப் பேச்சில் ஒரு பெண்ணின் அனுபவமும் இருக்கட்டும். என்னுடையது உச்சியைத் தொடாத கதை.

2018 ஆகஸ்ட், லடாக்கில் ஸ்டோக் காங்ரி. 6,153 மீட்டர். பனியில் வழுக்காமல் ஷூவின் அடியில் மாட்டும் கிராம்பான் முட்கள், ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரி, கயிறு மாட்ட இடுப்பில் கட்டும் ஹார்னஸ் எல்லாம் லே நகரில் வாடகைக்கு எடுத்தேன். வாடகைப் பொருளில் ஒன்றைப் பாருங்கள். கிராம்பானை உங்கள் ஷூவில் மாட்டி, ஷூவைத் தூக்கி உதறிப் பார்க்க வேண்டும். கழன்றால் வேண்டாம். என்னுடையது சரியாக இருந்தது. சரியில்லாமல் இருந்தது எங்கள் பயணத் திட்டம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்காக, இரவு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு எடுப்பதும் நல்லது. எங்களைக் கூட்டிப்போன ஏஜென்சி அதைவிட வேகமாக ஏற்றியது. நானும் கேள்வி கேட்கவில்லை, லீவு குறைவு.

நள்ளிரவில் கிளம்பினோம். இரண்டு மணி நேரத்தில் தலைவலி, வாந்தி. உயர நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரை போட்டிருக்கிறேன், சரியாகிவிடும் என்றேன். கயிற்றில் எனக்கு முன்னால் இருந்த லடாக்கி வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். நெற்றியில் கட்டிய ஹெட்லாம்பின் வெளிச்சத்தைத் தரையில் காட்டி, "அக்கா, இந்தக் கோட்டில் நடங்கள். குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி வைத்து" என்று இந்தியில் சொன்னான். நான்காவது அடியில் சாய்ந்தேன். மறுபடி முயன்றேன், மறுபடியும் சாய்ந்தேன். மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் முதலில் போவது இந்த நிதானம்தான். அழுதேன், இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அவன் பேசவே இல்லை. என் கயிற்றைத் தன் இடுப்போடு குறுக்கிக் கட்டிக்கொண்டு இறக்கினான். ஐந்நூறு மீட்டர் இறங்கியதும் தலை தெளிந்தது. அன்று அவன் என் பேச்சைக் கேட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போக முடியவில்லை. 2020-லிருந்து அந்த மலையை மூடிவிட்டார்கள். மனது கேட்காமல் 2022-ல் ஸ்டோக் கிராமத்தில் ஒரு வீட்டில் போய்த் தங்கினேன். வீட்டு அம்மாவை அமா-லே என்று கூப்பிட வேண்டும். அவர் என்னை வாய்க்கால் ஓரமாகக் கூட்டிப்போனார். மேலே பனிப்பாறை உருகி வருகிற தண்ணீர்தான் அந்த ஊருக்குக் குடிக்க, பார்லி வயலுக்குப் பாய. ஒரு கோடைக்கு எத்தனை கூடாரங்கள் அந்த ஓடையின் தலைமாட்டில் நின்றன, நாங்கள் மேலே எங்கே உட்கார்ந்து எழுந்தோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெளிக்குப் போக, ஓடையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்ட வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அமா-லே குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு செம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்தார். குடித்தேன்.

அந்த மலையை மறுபடி திறந்தாலும் நான் போகப்போவதில்லை.

மீண்டும் திருப்பூரிலிருந்து

சென்னை அக்கா, அந்த வழிகாட்டிக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்கு. இந்தக் குளிர்காலத்தில் நம் ஊர்ப் பாதைகளில் இரண்டு மூன்று நடந்துவிடுங்கள். அக்டோபருக்குக் கோய்ச்சா லா சரியாக இருக்கும், ஆனால் ஏழெட்டு நாளில் முடிக்கிறேன் என்கிறவர்களோடு போகாதீர்கள், பத்து நாள் ஒதுக்குங்கள். கிராம்பான் அங்கே தேவைப்படாது, வாங்க வேண்டாம். ஷூவும் ஹெட்லாம்பும் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். ஃப்ளீஸும் மழை ஜாக்கெட்டும் என்னிடம் இரண்டு செட் இருக்கின்றன. உங்கள் அளவைச் சொல்லுங்கள், துவைத்து வைக்கிறேன். திருப்பூர் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.