டி.ஏ.சி. என்பதற்கு ‘அலைமீட்டி’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எண்களாகப் பதிந்த ஒலியை மின்னலையாக மாற்றும் டி.ஏ.சி.க்கு (digital-to-analog converter) ‘இலக்கமுறை-ஒப்புமை மாற்றி’ என்பதே போதும் என்று இரண்டு நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். பொருளில் பிழையில்லை. ஆனால் சென்ற வாரம் அந்தச் சொல் என் வீட்டிலேயே தோற்றுப்போனது.

எங்கள் சிடி பிளேயருக்கு முப்பது வயதாகிறது. வட்டு ஒழுங்காகச் சுழல்கிறது, ஒலிதான் மங்கிவிட்டது. பின்புறத்தில் இதுவரை யாரும் தொடாத ‘டிஜிட்டல் அவுட்’ துளை ஒன்று இருந்தது. அதில் கம்பியைச் செருகி, உள்ளங்கை அகலப் புதிய டி.ஏ.சி. பெட்டி ஒன்றின் வழியாகப் பழைய ஆம்ப்ளிபயருக்குக் கொண்டுபோனேன். வீணை வட்டைப் போட்டேன். ஒரே மீட்டில் இழுத்த கமகம் தேய்ந்து அடங்கும்வரை கேட்டது. “அந்தப் பெட்டி என்ன செய்கிறது?” என்றார் அம்மா. “இலக்கமுறையை ஒப்புமையாக மாற்றுகிறது” என்றேன். “எதோடு ஒப்புமை?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. காற்றழுத்தம் ஏறி இறங்குவதை ஒத்து மின்னழுத்தமும் ஏறி இறங்குவதால் வந்த பெயர் அது. ஆனால் ஒப்புமை என்றதும் தமிழருக்கு உவமைதானே நினைவுக்கு வரும்?

வட்டில் இருப்பவை எண்கள். இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் வினாடிக்கு 44,100. ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளில் ஒன்றைச் சுட்டும், இதுவே 16 பிட். பெட்டி அந்தப் படிகளை வரிசையாக அடுக்கி, முனைகளை வடிகட்டி இழைத்து, பதிவுக்கூடத்து மைக்கில் எழுந்த அலையைத் திரும்பக் கொண்டுவருகிறது. 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனம், படிகள் குறைவான தன் 14 பிட் சில்லை வைத்துக்கொண்டே, எண்கள் வரும் வேகத்தை நான்கு மடங்காக்கி 16 பிட் வட்டுகளை வாசித்தது. அத்தனை பாடும் அந்த அலைக்காகத்தான்.

அதனால் முதலில் ‘அலையாக்கி’ என்று குறித்துவைத்தேன். மின்னலையைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டருக்கு ‘அலையியற்றி’ ஏற்கெனவே இருக்கிறது, இரண்டும் மயங்கும். மேலும், இந்தக் கருவி அலையைப் புதிதாகப் பிறப்பிப்பதில்லை, எண்களுக்குள் போனதை மீட்கிறது. ஆகவே என் முன்மொழிவு: அலைமீட்டி. மீட்டுதல் என்றால் திரும்பக் கொண்டுவருதல். வீணை நரம்பை இசைத்தலும் மீட்டுதலே. ஒலிக்கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எனக்குத் தோன்றவில்லை. அலைமீட்டிச் சில்லு, புற அலைமீட்டி என்று கூட்டுச்சொற்களும் இடறாமல் வருகின்றன. எதிர்த்திசையில், அலையை எண்களாக மாற்றும் ஏ.டி.சி.க்கு ‘எண்ணாக்கி’ என்று வைக்கலாம்.

மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளிலும் டி.ஏ.சி. உண்டு, அங்கே மீட்பதற்கு அலை எதுவும் இல்லை. அவற்றுக்கு நீண்ட சொல்லே இருக்கட்டும். ஒலித்துறைக்கு மட்டுமே இதைக் கேட்கிறேன்.

நேற்றிரவு அம்மா, “அலைமீட்டி விளக்கு எரிகிறது, அணைத்துவிடு” என்றார். நான் அந்தச் சொல்லை அவரிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன்.

இலக்கணம் அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி: மீள் என்ற வேரிலிருந்து ‘மீட்பி’ என்று ஆக்குவதுதான் முறையா, ‘மீட்டி’யும் நிற்குமா?