பிரிட்டானி போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஜூன் மாதம் அம்மாவோடு பிரான்சின் பிரிட்டானி கடற்கரைப் பக்கம் போகிறேன். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து ரயிலில் சான் மாலோ போய் அங்கேயே தங்குவதாக எண்ணம். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே பிறந்த ஊர் என்பதால் எனக்குத் தனி ஆர்வம்! 1944 போரில் தரைமட்டமாகி மறுபடி கட்டிய ஊராம். கோட்டை மதில் மேல் நடக்க அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்குமா? படிகள் அதிகமா?

அங்கே கடல் ஏற்றத்தாழ்வு 12 மீட்டர் வரை போகும் என்கிறார்கள். நீர் வற்றும்போது கிராந்த் பே தீவுக்கு நடந்தே போகலாமாம். திரும்பும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? உள்ளே மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. குளிக்க எந்தக் கடற்கரை நல்லது?

கார்னாக் ஊரின் வரலாற்றுக்கு முந்தைய நெடுங்கற்களைப் பார்க்க கார் இல்லாமல் முடியுமா? பக்கத்து ஊரான ஓரே (Auray) வரை ரயில் உண்டு, அப்புறம்?

சாப்பாடுதான் பெரிய கவலை. நான் கான்கால் ஊர்ச் சிப்பிக்காகவே போகிறேன். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. காலெத்தில் (அந்த ஊர் பக்வீட் மாவுத் தோசை) ஹாம், முட்டை இல்லாமல் சீஸ், காளான் மட்டும் வைத்துத் தருவார்களா?