கேஸ் உலை மங்கிய சிவப்போடு நின்றுவிடுகிறது, கல்லும் தெறிக்கிறது. என்ன செய்யலாம்?

பட்டறைப்பித்தன்:
வணக்கம். வண்டியின் கமான் பட்டையில் (ஸ்பிரிங் எஃகு) கத்தி, உளி அடிக்க வீட்டுக் கொல்லையில் ஒரு கேஸ் உலை கட்டியிருக்கிறேன். வெளியே தகட்டுப் பெட்டி. உள்ளே சுற்றிலும் கனமான ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) 16 கல், சிமெண்ட் கலவை வைத்து ஒட்டியது. உள்ளளவு அகலம் 9 அங்குலம், உயரம் 9, நீளம் 14. முக்கால் அங்குல ஜிஐ குழாயில் செய்த பர்னர் மேலிருந்து இறங்குகிறது. சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டும் அடுப்படியில் இருந்தவைதான்.

முக்கால் மணி நேரம் எரித்தாலும் பட்டை மங்கிய சிவப்பைத் தாண்டவில்லை. சுடர் மஞ்சளாகத் தள்ளாடுகிறது. வாய்ப்பக்கக் கல் ஒன்றிலிருந்து 'பட்' என்று சில்லு தெறித்தது. கலவை பொடிப்பொடியாக உதிர்கிறது. கல் மட்டமா? வேறு கடையில் வாங்கட்டுமா?

ஆர்க்வெல்டர்:
கல்லை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் அந்த ரெகுலேட்டரைக் கழற்றுங்க. அடுப்பு ரெகுலேட்டர் கொடுப்பது சுமார் 30 மில்லிபார்தான். இந்த மாதிரி பர்னரில் கேஸ் பீறிடுகிற வேகம்தான் காற்றை உள்ளே இழுக்கும். அரை பாராவது (500 மில்லிபார்) வேண்டும், சில பர்னர் ஒன்றரை பார் கேட்கும். காற்றுப் போதாததால்தான் சுடர் மஞ்சள். அப்படி எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும், கூரைக்குக் கீழே வைத்து எரிக்காதீங்க. திருகிக் கூட்டிக் குறைக்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டர், அதற்கேற்ற ஹோஸ், 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குங்க. வீட்டுச் சிலிண்டரை இந்த வேலைக்கு எடுப்பது சட்டப்படியே தப்பு.

ஜிஐ குழாயும் ஆகாது. அதன் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பூச்சில்லாத கறுப்பு எம்எஸ் (சாதா இரும்பு) குழாய் போடுங்க.

சூளைக்காரன்:
விருத்தாசலம் பக்கம் செராமிக் சூளையில் வேலை பார்க்கிறேன். உங்க கல் மட்டமில்லை, அது இந்த வேலைக்கான கல் இல்லை. கனமான ஃபயர் பிரிக் லேசில் உருகாது, உடையாது. ஆனால் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கல் 4 கிலோ என்று வையுங்க, 16 கல்லுக்கு 64 கிலோ. அத்தனையையும் 1000 டிகிரிக்கு ஏற்றவே ஏறக்குறைய ஒன்றரை கிலோ கேஸின் முழுச் சூடும் போய்விடும். அதுவும் ஒரு துளி வீணாகாமல் எரிந்தால்! நிஜத்தில் பாதிக்கு மேல் வாய் வழியாகவே ஓடிவிடும்.

உங்களுக்கு வேண்டியது இன்சுலேஷன் பிரிக், வெள்ளையாக, லேசாக இருக்கும். அதே அளவு கல் ஒரு கிலோ சொச்சம்தான், ஹாக்ஸா பிளேடாலேயே அறுக்கலாம். 23 கிரேடு என்றால் 2300 ஃபாரன்ஹீட், அதாவது 1260 செல்சியஸ் தாங்கும். கத்தி அடிக்கப் போதும். இரும்போடு இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டவைக்கிற எண்ணம் இருந்தால் 26 கிரேடு.

அறையும் ரொம்பப் பெரிசு. முக்கால் அங்குல பர்னர் ஒன்று சுமார் 350 கன அங்குலத்தைச் சமாளிக்கும் என்பது உலை கட்டுகிறவர்களின் கணக்கு. உங்களுடையது 1134.

சாதா சிமெண்ட் 400, 500 டிகிரியில் உள்ளிருக்கும் நீரை இழந்து சுண்ணாம்பாகும். ஆறியதும் காற்று ஈரத்தை உறிஞ்சி ஊதி உதிரும். அதற்குப் பதில் ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) சாந்தை மெல்லிசாகப் பூசுங்க. சாந்தே இல்லாமல் இறுக்கி அடுக்கினாலும் சரிதான். கல் தெறித்தது பெரும்பாலும் ஈரத்தால். தண்ணீர் ஆவியானால் 1700 மடங்கு விரியும், வெளியேற வழியில்லாவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு வரும்.

துருத்தி:
எங்க வீட்டில் கரி உலைதான், சுற்றிலும் வெறும் களிமண். இரும்பு கரிக்குள்ளேயே புதைந்து கிடப்பதால் சுவர் சூடாகிறதா என்ற கவலையே இல்லை. கற்றுக்கொள்கிற ஆளுக்குக் கேஸ் எதற்கு என்று எனக்குத் தோன்றும், சரி, அவரவர் வசதி. சீமைக் கருவேலங்கரி சல்லிசு, அதையும் யோசியுங்க.

பட்டை அடிக்க ஆரஞ்சு நிறமாவது வர வேண்டும், மங்கிய சிவப்பில் அடித்தால் விரிசல் விடும். தோய்ச்சலுக்கு (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவதற்கு) முன் காந்தம் வைத்துப் பாருங்க. 770 டிகிரிவாக்கில் ஒட்டாமல் போகும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி எண்ணெயில் தோயுங்க. தண்ணீரில் விட்டால் கமான் பட்டை பிளக்கும்.

பட்டறைப்பித்தன்:
நன்றி அண்ணன்களே. கரி வாசம் அக்கம்பக்கத்தில் சண்டையாகும், அதனால் கேஸ்தான். கேள்வி இரண்டு: இந்த 16 கல்லும் வீணா? கல்லுக்குப் பதில் செராமிக் பஞ்சு (சூடு தாங்கும் நூலிழை விரிப்பு) போடச் சொல்கிறார்களே, போடலாமா?

சூளைக்காரன்:
வீணில்லை தம்பி. ஒன்றிரண்டைத் தரையில் போடுங்க. இரும்பை ஒட்டவைக்கத் தூவுகிற வெங்காரம் சிந்தினால் லேசான கல்லை அரித்துவிடும், கனமான கல் அதைவிடத் தாங்கும். இன்னும் இரண்டை வாசலில் நிறுத்தி, பட்டை நுழைகிற அளவுக்கு மட்டும் சந்து விடுங்க. அதிலேயே சூடு கூடுவது தெரியும். மிச்சம் உலையைத் தாங்கும் மேடைக்கு.

பஞ்சு போடலாம், சீக்கிரம் சூடேறும். ஆனால் மூடாமல் விடக் கூடாது. 1000 டிகிரிக்கு மேல் எரிந்து எரிந்து நூல் நொறுங்கும், அந்தத் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கும். மேலே ஃபயர் கிளேவோ கேஸ்டபிளோ (சூடு தாங்கும் காங்கிரீட் கலவை) பூசுங்க. வெட்டும்போது என்95 மாஸ்க் கட்டாயம்.

எதைக் கட்டினாலும் இரண்டு நாள் நிழலில் காயவிடுங்க. முதல் தீ சின்னதாக, கல்லிலிருந்து ஆவி வருவது நிற்கும்வரை. பிறகுதான் அழுத்தத்தைக் கூட்டணும்.