எரிபொருள் ஸ்டெபிலைசருக்குத் தமிழ்ச்சொல்: ‘மூப்புத்தடுப்பான்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். எஞ்சினை நெடுநாள் நிறுத்திவைக்கும்போது பெட்ரோல் விரைவில் கெடாமலிருக்க அதில் கலக்கும் திரவம்தான் எரிபொருள் ஸ்டெபிலைசர். அதற்கு ‘மூப்புத்தடுப்பான்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எழக்கூடிய கேள்விகளை மேற்கோளாகத் தந்து பதில் சொல்கிறேன்.

> ‘எரிபொருள் நிலைப்படுத்தி’ என்றே வைத்துவிடலாமே, நேரான சொல்தானே?

நேரான சொல்தான். ஆனால் ‘நிலைப்படுத்தி’ என்றதும் பலருக்கும் மின்னழுத்தம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பெட்டிதான் நினைவுக்கு வரும். கப்பலிலும் விமானத்திலும் அதே சொல் ஆட்டத்தை அடக்கும் உறுப்பைக் குறிக்கிறது. இரண்டிடத்திலும் அலையும் ஒன்றைப் பிடித்து நிறுத்துவதே வேலை. தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் அப்படி அலைவதில்லை. நாளாக ஆகக் கெட்டுக்கொண்டே போகிறது, திரும்பி வருவதில்லை. நாம் தேடும் சொல் இதைச் சொல்ல வேண்டும்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல்லும் தானாகவே கிடைக்கும் என்று நினைக்கிறேன். பெட்ரோலில் உள்ள ஓலிஃபின்கள் (எளிதில் வினைபுரியும் ஒருவகை ஹைட்ரோகார்பன்கள்) காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் பெராக்சைடுகள் என்ற நிலையற்ற சேர்மங்களாகின்றன. அவை சிதைந்து புதிய வினைகளைக் கிளப்பிவிடும். இப்படித் தொடர்வினையாக ஓடி, கடைசியில் பிசின் உருவாகிப் படிகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை மிகச் சிறியது என்பதால் மெல்லிய படிவே அதை அடைத்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த எஞ்சின் கிளம்பாமல் அடம்பிடிப்பதற்கு இது முக்கியமான காரணம். நாம் ஊற்றும் திரவத்தில் உள்ள ஃபீனால் வகை அல்லது அமீன் வகைச் சேர்மங்கள், அதாவது ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள், நடுவில் புகுந்து அந்தத் தொடரை அறுக்கின்றன. செம்பு போன்ற உலோகங்கள் வினையை வேகப்படுத்தும். அவற்றைக் கட்டிப்போடும் சேர்மமும், உலோகம் அரிக்கப்படுவதைக் குறைக்கும் அரிமானத் தடுப்பானும் சில தயாரிப்புகளில் உண்டு.

பெட்ரோல் எவ்வளவு நேரம் இந்த வினையைத் தாங்கும் என்று அளக்கவே ஒரு சோதனை இருக்கிறது: ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு வகுத்த டி525. மூடிய கலத்தில் பெட்ரோலை வைத்து, ஏறத்தாழ 690 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்பி, 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அழுத்தம் சட்டென இறங்கத் தொடங்கும்வரை ஆகும் நேரம்தான் தூண்டல் காலம். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்தால் அந்த நேரம் நீளும், ஆனால் முடிவின்றி நீளாது. காக்கும் சேர்மம் தீர்ந்ததும் வினை வேகமெடுக்கும். ஆக, இந்தத் திரவம் எரிபொருள் முதுமையடைவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ‘மூப்பு’ என்ற சொல் எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான்.

மற்ற பரிந்துரைகளையும் எடைபோட்டுப் பார்த்தேன். ‘எரிபொருள் பேணி’ சுருக்கமாக, அழகாக இருக்கிறது. ஆனால் ஈழத்தமிழில் பேணி என்றால் தகரக் குவளை, தகர டப்பா. அங்கே இதை எரிபொருள் டின் என்றே படிப்பார்கள். ‘பதப்படுத்தி’ உணவுக்குப் பொருந்திவந்தாலும், பதப்படுத்துதல் என்பதைப் பக்குவம் செய்தல் என்ற பொருளிலும் ஆள்கிறோம். கெட்ட பெட்ரோலை இது பக்குவப்படுத்தி மீட்டுவிடும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. ‘பிசின்தடுப்பி’ துல்லியமானது, ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது.

மீட்பது பற்றிய எண்ணத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழைய பெட்ரோலில் இதை ஊற்றிப் பயனில்லை. புதிய பெட்ரோலில், அதுவும் எஞ்சினை நிறுத்திவைப்பதற்கு முன்பே கலக்க வேண்டும். அப்புறம் சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட வேண்டும், இல்லையென்றால் தொட்டியில் மட்டும் காப்பு இருக்கும், கார்புரேட்டரில் பழைய பெட்ரோலே தேங்கி நிற்கும். ஆவியாகிப் போகும் இலேசான கூறுகளையும் இந்தத் திரவத்தால் பிடித்துவைக்க முடியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சி, எத்தனாலும் நீரும் அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிட்டால் அதையும் இது பழையபடி சேர்க்காது. மூத்தவர் இளையவராக முடியாது என்பது ‘மூப்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ‘நிலைப்படுத்தி’ இந்த எச்சரிக்கையைத் தராது.

> தடுப்பான் என்றால் முற்றாகத் தடுத்துவிடும் என்று ஆகாதா?

நியாயமான கேள்வி. ஆனால் ‘அரிமானத் தடுப்பான்’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதுவும் அரிமானத்தை மட்டுப்படுத்துகிறதே தவிர அடியோடு நிறுத்துவதில்லை. வேதியியலில் அந்த ஈறு பழகிப்போனது. ‘மூப்புத்தணிப்பான்’ இன்னும் சரியானதுதான், ஆனால் வாயில் எளிதாக வரவில்லை.

சொல்லுக்கு ஒரு குடும்பம் அமைகிறதா என்றும் சோதித்தேன். “மூத்த பெட்ரோலை வடித்துவிட்டு, மூப்புத்தடுப்பான் கலந்த புதிய பெட்ரோலைத் தொட்டி நிறைய ஊற்றுங்கள்.” படிக்கத் தடங்கலில்லை. தனியே வரும்போது தோல்களிம்பு விளம்பரம் போலத் தோன்றலாம் என்பதால், முதல் முறை ‘எரிபொருள் மூப்புத்தடுப்பான்’ என முழுதாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். கடைப் பேச்சில் ஸ்டெபிலைசர் என்பது அப்படியே தொடரட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. கையேடு எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தச் சொல் தேவை.

எனக்கு இன்னும் தெளியாதது டீசல் விஷயம். நீர் தேங்கிய டீசல் தொட்டியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், அதற்கு உயிர்க்கொல்லி வேறாகச் சேர்க்க வேண்டும். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் திரவங்களும் விற்கின்றன. அவற்றையும் மூப்புத்தடுப்பான் என்றே சொல்லலாமா, தனிச்சொல் வேண்டுமா? ஜெனரேட்டர், படகு எஞ்சின் பக்கம் வேலை செய்கிறவர்கள் கருத்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்.