ரூஸ்ட் = அடையிடம்? (அடைவு அல்ல)

வணக்கம்.

மெகெலி லாட வௌவால் பற்றிய தமிழ்க் கட்டுரை ‘ரூஸ்ட்’ (roost, பறவையோ வௌவாலோ ஒதுங்கித் தங்கும் இடம்) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி இடறி நாலு நாளாக அப்படியே நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: கூடு, வசிப்பிடம், சேக்கை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> கூடு என்றே போடலாமே, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். இந்த வௌவால் எதையும் கட்டுவதில்லை. குகைக் கூரையில் காலைக் கொளுவிக்கொண்டு தொங்கும், அவ்வளவுதான். கூடு என்று படிக்கிற பிள்ளை தும்பும் சுள்ளியும் தேடும்.

> வசிப்பிடம் போதாதா?

போதாது. இந்த இனம் போர்த்துகல், ஸ்பெயின் தொடங்கி ஈரான் வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. இரவில் அந்துப்பூச்சி பிடிக்கத் திரியும் மரக்காடும் ஆற்றங்கரையும் அதன் வாழிடம். பகலில் தொங்கும் குகை வேறு. காடு செழிப்பாக இருந்தும் குகை ஒன்று குழம்பினால் போதும், நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் தொங்கும் கூட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. குளிர்கால உறக்கத்தில் இருக்கும்போது யாராவது டோர்ச் அடித்து எழுப்பிவிட்டால், சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துத்தான் அது விழிக்க வேண்டும். அந்தக் குளிரில் பறந்துபோய்த் தின்னப் பூச்சியும் கிடைக்காது. வருடத்துக்கு ஒரு குட்டிதான் என்பதால் குறைந்த தொகை லேசில் ஏறாது. ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இதை அழிவாய்ப்பு இனம் என்கிறது. பாதுகாப்பு என்று செய்யப்படுவதில் பெரும்பங்கு குகை வாசலைச் சுற்றித்தான்: ஆள் நுழையாமல், வௌவால் மட்டும் பறந்துபோக இடைவெளி விட்டுக் கிடைக்கம்பி போடுவது, அல்லது தள்ளி வேலி அடைப்பது. வசிப்பிடம் என்று எழுதினால் காடும் குகையும் ஒன்றாகிவிடும். கட்டுரையே அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

‘சேக்கை’ எனக்குப் பிடித்த சொல். பழைய பாட்டில் பறவை தங்கும் இடமும் அதுதான். ஆனால் மனிதர் படுக்கைக்கும் அதே சொல், இன்று பேச்சிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்புப் போட வேண்டிவரும்.

என் பரிந்துரை அடையிடம். பொழுதுபட அம்மம்மா முற்றத்தில் நின்று “கோழி அடைஞ்சிட்டுதோ?” என்று கேட்பா. கூட்டுக்குள்ளேயோ முருங்கைக் கொப்பிலேயோ, எங்கே ஏறிக் குந்தினாலும் அது அடைதல்தான். கட்டப்பட்ட பொருளை அந்தச் சொல் கேட்பதில்லை, ஒதுங்கித் தங்குவதை மட்டும் சொல்கிறது. வௌவால் விடியத்தான் அடையும், அது பரவாயில்லை.

சென்னை நண்பர் இன்னும் சுருக்கி ‘அடைவு’ என்கிறார். ஐயா, யாழ்ப்பாணத்தில் அடைவு என்றால் சங்கிலியைக் கொண்டுபோய் வைத்துக் காசு வாங்குவது. கடைப் பலகையிலேயே அடைவு பிடிக்கப்படும் என்று இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் மாணவர் அடைவு மட்டம். வௌவால் அடைவு என்று தலைப்புப் போட்டால் வட்டி எவ்வளவு என்று கேட்பார்கள்.

‘சென்றடையும் இடம்’ போல ஒலிக்கிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் வௌவால் என்ற சொல் பக்கத்தில் இருக்கையில் மயக்கம் வராது என்று நினைக்கிறேன். ஊர் ஆட்களிடம் சோதித்தும் பார்த்தேன். எங்கள் பழைய ஓட்டு வீட்டில் சலாகை இடுக்குக்குக் கீழே கறுப்பாகப் புழுக்கை கிடந்தது. எலி என்றுதான் அண்ணி கூட்டப் போனா. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன். எலிப் புழுக்கை இறுகிக் கிடக்கும், இது பொடிப்பொடியாக உதிர்ந்து, பூச்சிச் சிறகுத் துண்டுகள் மினுங்கின. “அப்ப இதுக்கு மேலதான் வௌவால் அடையிற இடம்” என்றா அவ, நான் கேட்காமலே. காவோலைக்குள் ஒதுங்குவதையும் பாழ்கிணற்றுச் சுவரில் தொங்குவதையும் அப்படியே சொல்லலாம். குடாநாடும் சுண்ணக்கல், மெகெலி வௌவாலின் குகைகளும் பெரும்பாலும் சுண்ணக்கல் நிலத்தில்தான், ஆகவே குகையை விளக்கவும் நமக்குச் சிரமமில்லை.

கூட்டுச் சொற்களில் இரவு அடையிடம், குளிர்கால அடையிடம் இரண்டும் சரியாக வருகின்றன. பெண் வௌவால்கள் சேர்ந்து குட்டி போடும் இடம்தான் சிக்கல். ‘மகப்பேற்று அடையிடம்’ ஆஸ்பத்திரி விடுதிபோல மணக்கிறது. சங்கப் பாட்டில் சினைக் குருவிக்கு ஆண் குருவி கட்டும் ‘ஈனில்’ அழகான சொல், ஆனால் அது கட்டிய வீடு. இன்றைய வாசகர் அதை ‘ஈன்றால்’ என்றும் படித்துவிடுவார். இப்போதைக்கு ‘குட்டி ஈனும் அடையிடம்’ என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான். சுருக்கமாக ஏதும் தோன்றினால் வெள்ளிக்கு முன் சொல்லுங்கோ, அன்று பின்னேரம் கட்டுரையை ஏற்றிவிடுவேன்.