புளியரை ரோட்ல சைக்கிள்: லாரிக்கும் நடக்கிறவங்களுக்கும் நடுவுல எப்படிப் போறது?

கட்டளைக்காரன்:
வணக்கம் மக்களே. நமக்கு ஊரு செங்கோட்டை பக்கம் கட்டளைகுடியிருப்பு, வேலை கேரளா பார்டர் கிட்ட புளியரை தாண்டி ஒரு செடி நர்சரில. பைக்கை மகன் காலேஜுக்கு எடுத்துட்டுப் போறான், அதனால நான் இப்ப கியர் சைக்கிள்ல போயிட்டு வாரேன், உடம்புக்கும் நல்லதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு.

பிரச்சினை என்னன்னா இந்த 744 ஹைவேஸ்ல ஜல்லி, எம்சாண்ட் ஏத்திக்கிட்டு கேரளா போற லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கு. ஓரமா ஒதுங்குனா ஒரே மணலு, சில எடத்துல தார் விளிம்பு உடஞ்சு அரை அடி பள்ளமா கெடக்கு. கொஞ்சம் உள்ள ஏறி வந்தா பின்னால ஹாரன் காதைப் பிளக்குது. இதுக்கு நடுவுல காலைல வாக்கிங் போறவங்க, பால்காரங்க, ஆட்டுக்குட்டி. பெல் அடிச்சா திடுக்கிட்டு நடுரோட்டுக்கே வாராங்க, அடிக்காமப் போனா "ஏன், பெல்லு இல்லியோ"ன்னு கேக்காங்க.

எம் மச்சினன் என்ன சொல்லுதான்னா, வலது பக்கமா போங்க, எதிர்க்க வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும்லா, பின்னால இருந்து இடிக்கிறவன்தான் ஆபத்துன்னு. கேக்க சரியாத்தான் படுது. பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

ரெண்டுசக்கரம்:
அண்ணாச்சி, மொதல்ல மச்சினன் பேச்சைக் கேக்காதீங்க. எதிர்க்க வர்றதைப் பாத்து வலது பக்கமா போறது நடக்கிறவங்களுக்கு, அதுவும் நடைபாதை இல்லாத ரோட்ல. சைக்கிளு வண்டிதான், இடது பக்கம்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. நீங்க 15ல போறீங்க, லாரி 40ல பின்னால வருதுன்னா உங்களை நெருங்குற வேகம் 25. அதே லாரி எதிர்க்க வந்தா 55. அவனுக்கு யோசிக்கக் கெடைக்கிற நேரம் பாதிக்கும் கம்மி. இன்னொண்ணு, சந்துலேருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுறவன் இடது பக்கம் திரும்பணும்னா வலது பக்கம் மட்டும்தான் பாப்பான், வண்டி அங்கேருந்துதான் வரும்னு அவனுக்குப் பழக்கம். நீங்க தப்பான பக்கம் வந்தா அவன் கண்ணுலயே பட மாட்டீங்க.

ஓரம் பத்தி. வெள்ளைக் கோட்டை ஒட்டி, தார் நல்லா இருக்கிற எடத்துல ஒரே நேரா போங்க. மணல்ல எறங்கி மறுபடி தாருல ஏறுறீங்கள்லா, அந்த ஏறுற நேரம்தான் முன்சக்கரம் விளிம்புல வழுக்கி ரோட்டுக்குள்ள சாச்சுவிடும். முன்னால பள்ளமோ நிறுத்தி வச்ச ஆட்டோவோ இருந்தா கிட்டப் போயி வெட்டக் கூடாது. நாலஞ்சு வண்டி நீளம் இருக்கும்போதே திரும்பிப் பாத்து, கையை நீட்டி, கொஞ்சம் கொஞ்சமா உள்ள வாங்க. திரும்பிப் பாக்கும்போது ஹேண்டில் கூடவே திரும்பும், அதை மட்டும் காலி மைதானத்துல நாலு தடவை பழகிக்கோங்க.

பன்னெண்டுடயர்:
இந்த ரூட்ல டாரஸ் லாரி ஓட்டுதேன், அதனால லாரிக்காரன் பக்கத்துல இருந்து சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க. ஹாரன் அடிக்கிறது எல்லாம் திட்டுறதுக்கு இல்ல அண்ணாச்சி, "வாரேன், அப்பிடியே இரு"ன்னு சொல்லுறதுதான் பாதி. சில பயலுவ வெளாட்டுக்கு அடிக்கான், அதை நான் இல்லேங்கல. ஆனா ஹாரன் கேட்டதும் பதறிப்போயி இப்பிடி அப்பிடி ஆட்டுனா எனக்கு உசுரே போயிரும். ஆடாம நேரா போறவனைத் தாண்டுறது எனக்கு ஒண்ணுமே இல்ல.

கேபின்ல உக்காந்து பாத்தாத்தான் தெரியும், இடது பக்கம் கதவுக்குக் கீழ, முன் பம்பருக்குக் கீழ எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. செக்போஸ்ட்ல லாரி வரிசையா நிக்கும்போது இடது பக்கச் சந்துல சைக்கிளு, ஸ்கூட்டர் எல்லாம் நுழைஞ்சு போவுது பாத்தீங்களா, அங்க இருக்கிற ஆளு எனக்கு இல்லாத ஆளு. கண்ணாடில எம் மூஞ்சி உங்களுக்குத் தெரிஞ்சாத்தான் உங்களை எனக்குத் தெரியும், அதை வச்சுக்கோங்க.

வளைவு இன்னும் மோசம். புளியரை தாண்டி எஸ் வளைவுல முன் டயரு போற தடத்துல பின் டயரு போவாது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். முன்பக்கம் உங்களைத் தாண்டிப் போயிட்டுன்னு நிம்மதியா இருக்கும்போது பின் டயரு உங்க காலுக்கு வந்து நிக்கும். அந்த வளைவுல லாரி பக்கத்துல நிக்கவே நிக்காதீங்க, முன்னாலயே பிரேக் பிடிச்சு அதைப் போவ விட்டுருங்க. லோடோட ஏத்தத்துல நின்னுட்டா மறுபடி எடுக்க நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும். மலை ரோட்ல ரோடு ஒடுக்கமா இருந்தா ஏறுற வண்டிக்குத்தான் எறங்குறவன் வழி விடணும், 2017ல வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைலயும் அதுதான் இருக்கு. எறக்கத்துல சைக்கிளு கூட அதை நெனச்சா நல்லது.

நடராஜாசர்வீஸ்:
நடக்கிற ஆளுவளும் இருக்கோம்ணே! நானும் எங்க அம்மாவும் விடியக்காலம் பகவதிபுரம் ஸ்டேஷன் பக்கம் நடக்கோம். அம்மாவுக்கு ஒரு காது சரியா கேக்காது. கியர் சைக்கிளுக்குச் சத்தமே கெடையாது, முதுகுக்குப் பின்னால ரெண்டடில வந்து டிங்குன்னு அடிச்சா யாருதான் துள்ள மாட்டாங்க? இருவது முப்பது அடி இருக்கும்போதே ஒருக்கா அடிங்க, கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா. அவங்க திரும்பிப் பாத்துட்டாங்கன்னா அப்புறம் அடிக்காண்டாம். "அம்மா, வலது பக்கமா வாரேன்"னு வாயால சொன்னா இன்னும் நல்லது, பெல்லுச் சத்தத்துல எந்தப் பக்கம்னு தெரியாதுல்லா, அதுலதான் குழம்பி நடுவுல வாராங்க. அப்பவும் விலகலைன்னா வேகத்தைக் கொறச்சு காலை ஊணிக்கோங்க, ஒண்ணும் கொறஞ்சு போவ மாட்டீங்க.

அந்த முன் லைட்டையும் கீழ தாத்தி வைங்க. இப்ப வர்ற சார்ஜ் லைட்டு எதிர்க்க நடந்து வர்றவங்க கண்ணைக் குருடாக்குது. அது மினுக்கு மினுக்குன்னு வேற அடிச்சா கால் வைக்கிற எடமே தெரியல.

கார்த்திகை பொறந்தா சாமிமாரு கூட்டம் கூட்டமா ஆரியங்காவு, அச்சன்கோவில்னு நடப்பாங்க. கறுப்பு வேட்டி, வெறுங்காலு, இருட்டு. அங்க பெல்லை விட "சாமி சரணம்"னு ஒரு குரல் குடுங்க, மொத்தக் கூட்டமும் "சரணம்"னு சொல்லிக்கிட்டே ஒதுங்கும். நான் பாத்திருக்கேன்.

பண்பொழிபய:
எல்லாம் சரிதான், ஆனா ரோட்டு மேல ஏறி நேரா போங்கன்னு சொல்லுறது எல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்ம ஊர்ல லாரி வந்தா கீழ எறங்கி நின்னுரணும். உசுரு பெருசா, உரிமை பெருசா?

ரெண்டுசக்கரம்:
தம்பி, உரிமைக்காகச் சொல்லல. ஒவ்வொரு லாரிக்கும் எறங்கி ஏறுனா அண்ணாச்சி நர்சரிக்கு மத்தியானம்தான் போய்ச் சேருவாரு. அதுபோவ அந்த ஏறி எறங்குறதுதான் விழ வைக்குதுன்னு மேலயே சொல்லிருக்கேன். ரெண்டு லாரி எதிரும் புதிருமா நம்ம பக்கத்துலயே சந்திக்கப் போவுதுன்னு தெரிஞ்சா, அப்ப மட்டும் நீ சொல்லுறதுதான் சரி, நல்ல எடமாப் பாத்து முன்கூட்டியே ஓரம் கட்டி நின்னுரணும். நம்ம ப்ளஸ் ஒன் பிள்ளைங்க இலவச சைக்கிள்ல மூணு பேரு வரிசையா கதை பேசிக்கிட்டுப் போவுதுங்களே, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஹைவேஸ்ல ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான்.

கட்டளைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம் பாக்கி இருக்கு. சாரல் சீசன்ல காத்து மலை வழியா நேரா மூஞ்சில அடிக்கு, சில எடத்துல பக்கவாட்டுல தள்ளுது, லாரி தாண்டும்போது சைக்கிளு என்னமோ உள்ள இழுக்கிற மாதிரி இருக்கு. அப்புறம், கூட்டாளிங்க ரெண்டு பேரு ஞாயித்துக்கெழமை ஆரியங்காவு வரைக்கும் போவோம்னு கூப்பிடுதாங்க. மழைல போலாமா?

ரெண்டுசக்கரம்:
இழுக்கிற மாதிரி தோணுறதுக்குக் காரணம் இருக்கு. பக்கவாட்டுக் காத்துக்கு எதிரா நீங்க அறியாமலே சாஞ்சு ஓட்டிக்கிட்டு இருப்பீங்க. லாரி பக்கத்துல வந்ததும் அது காத்தை மறைச்சுரும், சாஞ்ச பக்கமே சைக்கிளு போவும். லாரி தாண்டுன மறு நிமிசம் காத்து திரும்ப அடிக்கும். அதனால லாரி சத்தம் கிட்ட வந்ததும் ஹேண்டிலை ரெண்டு கையாலயும் பிடிங்க, ஆனா இறுக்கிப் பிடிக்காதீங்க, மிதிக்கிறதை நிறுத்தாதீங்க. குடை பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கைல ஓட்டுறது வேண்டவே வேண்டாம். இயர்போனும்தான், பின்னால வர்றதைக் காதாலதான் பாக்கணும்.

ஆரியங்காவு மழைன்னா நான் போவ மாட்டேன், நீங்க போனா ரிம் பிரேக்கா டிஸ்க்கான்னு பாருங்க. ரிம் பிரேக்குன்னா கட்டை சக்கர வளையத்தையே பிடிக்கிறது, அந்த ரிம் நனஞ்சதும் மொதல் பிடி சும்மா வழுக்கிட்டுப் போவும். எறக்கத்துல அப்பப்ப லேசா தொட்டுத் தொட்டு தண்ணியைத் துடைச்சுக்கிட்டே எறங்கணும். 40ல எறங்குனா ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போயிருவீங்க, வளைவுக்குள்ள போனப்புறம் பிரேக்கைத் தேடுனா முடிஞ்சுது. வளைவுக்கு முன்னாலயே, ரெண்டு பிரேக்கும் சேத்து. கேரளா பக்கம் ரோட்டோரம் புல்லு மூடி கெடக்கும், அடில ஓடை இருக்கும், ஓரம் கட்டும்போது பாத்து கால் வைங்க.

பின்னால சிவப்பு லைட்டு கட்டாயம், பகல்லயும் போட்டுக்கோங்க, கோட்டவாசல் பக்கம் மரத்தடி எல்லாம் மதியமே இருட்டு. பெடல்ல மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருந்தா கழட்டிராதீங்க, மேலயும் கீழயும் ஆடுறதைப் பாத்தாலே சைக்கிளுன்னு தூரத்துலயே தெரிஞ்சுரும்.

பன்னெண்டுடயர்:
மேல சொன்ன ரிஃப்ளெக்டர் நிஜம், ராத்திரி அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கோம். மழைல வந்தா நீலம் கறுப்பு ரெயின்கோட்டு வேண்டாம் அண்ணாச்சி, மஞ்சள் வாங்குங்க. ஏத்தத்துல லாரி ஆமையா ஏறும், பின்னால தொங்குற கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓசில ஏறலாம்னு உங்க கூட்டாளிங்க யாராச்சும் சொன்னா அந்த ஆளு கூடப் போவாதீங்க. கியரு மாத்தும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், சில நேரம் பின்னாலயும் வரும்.

நடராஜாசர்வீஸ்:
ஆரியங்காவு கோவில் முன்னால கடைத்தெருல மட்டும் எறங்கித் தள்ளிட்டுப் போங்கண்ணே. பஸ்சுல இருந்து எறங்குற ஆளுவ ரெண்டு பக்கமும் பாக்காமத்தான் ஓடுவாங்க. "சேட்டா, கொஞ்சம் சைடு"ன்னா சிரிச்சுக்கிட்டே விடுவாங்க.