கை விழுந்தவர் கேட்டால் சட்டம் ஏன் காது கொடுப்பதில்லை?

மாடிப்படி:
அப்பா மோட்டார் நியூரான் நோயில் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சட்டைப் பட்டன் போட வரவில்லை என்றார், அதுதான் ஆரம்பம். பதினான்கு மாதத்தில் கண்ணைத் தவிர எல்லாம் நின்றுவிட்டது. ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி, வரிசையாக விரலை நகர்த்துவேன். வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மேலே தூக்குவார். முதலில் மெய்யெழுத்துக்கு ஒரு சுற்று, அப்புறம் உயிரெழுத்துக்கு ஒரு சுற்று. 'தண்ணீர்' கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆகும்.

தொண்டையில் மூச்சுக் குழாய் வேண்டாம் என்று அந்த அட்டையில்தான் சொன்னார். டாக்டர் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அதே பதில். ஏற்றுக்கொண்டார்கள். பிறகு ஒருநாள், குணமாகாத நோயாளி சாவதற்கு டாக்டர் மருந்து எழுதித் தர அனுமதிக்கும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சட்டத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். மருந்தை நோயாளி தானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணால் சொன்ன 'வேண்டாம்' செல்லுபடியாகிறது. கண்ணால் 'போதும், உதவுங்கள்' என்றால் மட்டும் ஏன் செல்லாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புக் கோட்டு:
சட்டம் கோடு போடுவது அங்கேதான். கடைசிச் செயலை நோயாளியே செய்தால் டாக்டர் செய்தது உதவி. டாக்டரே ஊசி போட்டால் பெரும்பாலான நாடுகளில் அது கொலை. சிகிச்சை வேண்டாம் என்பது இரண்டிலும் சேராது, அங்கே உயிரை எடுப்பது நோய் என்பது வாதம். ஓரிகனில் 1994இல் மக்கள் வாக்களித்து வந்த சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் மரணம் என்று இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். ஊசிக்கு அனுமதி இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2002 முதல் நெதர்லாந்தில் டாக்டரே செலுத்தலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், நோயாளியால் முடியாதபோது மட்டும் டாக்டருக்குத் தனி அனுமதி தந்தது.

நீங்கள் படிக்க வேண்டியது கனடா வழக்குகள். சாவதற்கு டாக்டர் உதவ அனுமதி கேட்டு வழக்குப் போட்ட சூ ரோட்ரிகஸுக்கும் இதே நோய்தான். 1993இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு மறுத்தது. 2015இல், கார்ட்டர் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, டாக்டர் அப்படி உதவக் கூடாது என்ற தடை செல்லாது என்றார்கள். பின்னால் உடம்பு ஒத்துழைக்காது என்ற பயத்தில் சிலர் முன்கூட்டியே உயிரை விடுகிறார்கள், ஆகவே தடையே ஆயுளைக் குறைக்கிறது என்பது அவர்கள் சொன்ன முக்கியமான காரணம்.

இரவு ஷிப்ட்:
பாலியேட்டிவ் வார்டில், அதாவது தீராத நோயின் வலியையும் அவதியையும் தணிக்கும் வார்டில், பதினோரு வருடமாக நர்ஸ். தம்பி, அந்த 'தானே' என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரிகனில் மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைச் சாப்பிடுவதே இல்லை. கையில் இருக்கிறது என்ற தைரியமே சிலருக்குப் போதுமாக இருக்கிறது. டாக்டர் நேரம் குறித்து வந்து நிற்கும்போது, வீட்டார் எல்லாரும் அழுது முடித்திருக்கும்போது, 'இன்றைக்கு வேண்டாம்' என்று எப்படிச் சொல்வார்? அதுவும் அட்டையில்?

'உங்களுக்கெல்லாம் பாரமாகிவிட்டேன்' என்று சொல்லாத நோயாளியை நான் பார்த்தது குறைவு. காலையில் 'முடித்துவிடுங்கள்' என்று கெஞ்சிய ஒரு அம்மா, மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் அளவைச் சரிசெய்தபின் சாயங்காலம் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அப்பாவுக்கு மூச்சுத்திணறலை அடக்கினார்களா?

மாடிப்படி:
அடக்கினார்கள் அக்கா. கடைசி மூன்று நாள் தூக்கத்திலேயே இருந்தார். அதில் எனக்குக் குறையே இல்லை.

மனம் மாறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வழி, வெவ்வேறு நாளில், வீட்டார் இல்லாத நேரத்தில், அதே அட்டையை வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பதுதானே? குழாய் விஷயத்தில் அப்படித்தான் கேட்டார்கள்.

கார்ட்டர் தீர்ப்பு பற்றிச் சொன்னதற்கு நன்றி. அதைப் படித்ததிலிருந்து அந்த ஒரு மாதம்தான் நினைவில் நிற்கிறது. வலது கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்த மாதம். 'தானே' என்று கேட்கிற சட்டத்தின் கீழ் அவர் இருந்திருந்தால், விரல் போவதற்குள் என்று அந்த மாதமே முடிவெடுக்க வேண்டியிருந்திருக்கும். என் மகள் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியது அதற்கு ஆறு வாரம் கழித்து. விழுந்துவிடுவாளோ என்று பின்னாலிருந்து அவள் சட்டையைப் பிடித்திருந்தேன். அப்பா அட்டையைப் பார்த்தார். எடுத்துக் காட்டினேன். இரண்டே எழுத்து: விடு.